மீட்டமை

குடும்பத்தில் அவருக்குக் ‘கலைச்சொல்லார்’ என்று பெயர். யாராவது போன் என்றால் ‘திறன்பேசி’ என்று திருத்திவிட்டுத்தான் மேலே பேசவிடுவார். தம்பி வீட்டு டிவி ஒருநாள் ஓடாமல் போனபோது பிளக் கழன்றிருந்ததைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து சொந்தபந்தம் மொத்தத்துக்கும் அவர்தான் கருவி வைத்தியர்.

இன்று வைத்தியத்துக்கு வந்திருந்தது தம்பி மகளின் போன். அவள் தையல்காரி. ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைக்க, ஒவ்வொருவரின் அளவையும் எழுதி வைக்காமல், நாடாவோடு படம் பிடித்து அதில்தான் வைத்திருந்தாள். மேனேஜரைத் தவிரக் குழு மொத்தமும் வெளியூர் போய்விட்டது. மேடையேறும் அன்றுதான் திரும்பும். துணியை இன்று வெட்டியாக வேண்டும். படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாலோ, திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

“ரிப்பேர் கடைக்காரர் நாளைக்குத்தான் பார்ப்பாராம் பெரியப்பா. குழு மேனேஜரம்மா இப்ப வந்துடுவாங்க. அளவு போச்சுன்னா என் பொழப்பே போச்சு.”

“நான் எதுக்கு இருக்கேன்? முதல்ல இதைத் தமிழுக்கு மாத்துவோம். பாதி நோய் அதுலயே ஓடிடும்.”

மாற்றினார். நோய் ஓடவில்லை. அமைப்புகளுக்குள் புகுந்து, இருட்டில் செருப்பைத் தேடுகிறவர் போலத் துழாவினார். அவள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். கடைசியில் ஒரு சொல் தட்டுப்பட, அவர் முகம் மலர்ந்தது.

“மீட்டமை! பார்த்தியா? மீட்டு, அமை. தொலைஞ்சதை மீட்டு, இருந்த இடத்துல அமைக்கிறது. தமிழ்னா சும்மாவா?”

“இங்கிலீஷ்ல அதுக்கு என்ன பேரு?”

“அது எதுக்கு உனக்கு? ரகசிய எண்ணைச் சொல்லு.”

சொன்னாள். அவர் தட்டினார். சிவப்பாக ஒரு வரி எழுந்தது: எல்லாத் தரவும் அழிக்கப்படும்.

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என்ன போட்டிருக்கு பெரியப்பா?”

“ம்... உறுதியான்னு கேக்குது.”

“உறுதிதானே?”

‘எனக்குத் தெரியலைம்மா’ என்று சொன்னால் போதும். சுத்தமான தமிழ்தான், ஆனால் அவர் அகராதியில் அது ஏறியதே இல்லை. பழுதான தரவை மட்டும் அழிக்குமாயிருக்கும் என்று தனக்குத் தானே பொழிப்புரை சொல்லிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

திரை கறுத்தது. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். மெல்ல ஒளி வந்தது: வணக்கம்!

“பாரு, எவ்வளவு மரியாதையா...”

அவள் போனைப் பிடுங்கி அடுத்த வரியைப் படித்தாள். “‘உங்கள் புதிய சாதனத்துக்கு நல்வரவு.’ புதுசா? மீட்டமைன்னா ரீசெட்டா! நாலு வருஷமா என் கையில கிடக்கிற போன் பெரியப்பா! இது முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குச் சொல்ற வணக்கம்.”

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். தூக்கிப் போட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவ்வளவு மெதுவாக வைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

“நீங்களே போய்ச் சொல்லுங்க” என்றாள்.

கதவைத் திறந்தார். மேனேஜரம்மா சிரித்த முகத்தோடு நின்றார். “வெட்ட ஆரம்பிச்சாச்சா சார்?”

உலகத்தில் உள்ள அத்தனைக்கும் தமிழ்ச்சொல் வைத்திருந்தவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

“சாரிம்மா” என்றார்.