மூன்றாம் மாடிக் குளியலறை

கூரையில் விளக்கு மாட்டியிருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது என்று இரண்டாம் மாடி டீச்சரம்மா போனில் அலறியபோது காலை மணி பதினொன்று. பத்தே நிமிடத்தில் பிளம்பர் அக்கா பையும் கையுமாக வந்துவிட்டாள். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறவள். பொம்பளைக்கு இது எதுக்கு என்று கேட்டவர்கள் வீட்டுச் சாக்கடை அடைப்பை எடுத்து, அவர்கள் வாயை அடைத்தவள்.

மேல் வீட்டுக் கதவை வெகுநேரம் தட்ட வேண்டியிருந்தது. திறந்தவன் நல்ல உயரம். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"வாஷ்பேசின் கழண்டு விழுந்துடுச்சு. என் பொண்டாட்டி உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அடம் பிடிக்கிறா. நீங்க பொம்பளை, நீங்க சொன்னா திறப்பா" என்றான்.

கூடத்தில் செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. குளியலறைக் கதவில், காலால் உதைக்கிற உயரத்தில், பலகை பிளந்திருந்தது. அடியிடுக்கில் வழிந்த தண்ணீரோடு சிவப்பாக ஒரு இழை. வாஷ்பேசின் சும்மா கழண்டு விழாது என்று அக்காவுக்குத் தெரியும். ஓர் ஆளைத் தூக்கி அதன் மேல் மோதினால்தான் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்.

கதவருகே குனிந்தாள். "நான் பிளம்பர்மா. குழாய்க்குக் கீழ ஒரு வால்வு இருக்கும், திருப்ப முடியுதா பாரு."

"முடியலக்கா. மணிக்கட்டு தொங்குது." குரல் சன்னமாக வந்தது. பிறகு, "அவர் அங்கதான் நிக்கிறாரா?"

அவன் மூச்சு அக்காவின் பிடரியில் பட்டது. "திறக்கச் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

தன்னை எதற்கு உள்ளே விட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

"சார், தண்ணி ஸ்விட்ச் போர்டுல ஏறுச்சுன்னா நாம மூணு பேரும் கருகிடுவோம்" என்றாள் அக்கா. "மொட்டை மாடி டேங்க் வால்வை மூடிட்டு வாங்க. அதுக்குள்ள நான் இவகிட்ட நயமா பேசி வெளிய கொண்டாந்துடறேன்."

யோசித்தான். மொட்டை மாடிச் சாவியை எடுத்தான். "வந்து வச்சுக்கறேன்டி உன்னை" என்று கதவை ஓர் அறை அறைந்துவிட்டுப் படியேறினான்.

"திற கண்ணு, அவன் மேல போயிட்டான். சீக்கிரம்."

தாழ்ப்பாள் கிறீச்சிட்டு விலகியது. முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு. நெற்றி பிளந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உடைந்த பீங்கான் சில்லுகள் பாதத்தில் குத்தி நின்றன. அக்கா அவள் இடுப்பில் கைகொடுத்து நாலடி நடத்தியிருப்பாள். தாழ்ப்பாள் சத்தம் பாதிப் படிவரை கேட்டிருக்க வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு அவன் நின்றான்.

அவன் விட்ட முதல் அறையிலேயே அக்கா சுவரில் மோதி விழுந்தாள். பல் ஒன்று நாக்கில் உருண்டது. மனைவியின் தலைமுடியைக் கையில் சுற்றி அவன் குளியலறைக்கு இழுத்துப் போனான். அவள் கத்தவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, பழகியவள்போல், இழுத்த இழுப்புக்குப் போனாள். அதைப் பார்த்ததும் அக்காவுக்குள் இருந்த பயம் எங்கே போனதோ தெரியவில்லை. பையிலிருந்து பைப் ரெஞ்சை உருவினாள். ஒன்றரை அடி இரும்பு. முழங்காலைக் குறிவைத்து, பக்கவாட்டில், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அடித்தாள்.

மடக்கென்றது. சரிந்தவன் சும்மா சரியவில்லை. அக்காவின் காலைப் பற்றி இழுத்து, குப்புறத் தள்ளி, கழுத்தை அமுக்கினான். நான்கு விரல்கடைத் தண்ணீர்தான். மூக்கும் வாயும் நிறைய அது போதும். கையால் தரையைப் பிறாண்டினாள். காதுக்குள் ஏதோ ரீங்கரித்தது.

திடீரென்று பாரம் தளர்ந்தது. இருமிக்கொண்டு புரண்டு பார்த்தாள். மனைவியின் இடது கையில் வாஷ்பேசினின் உடைந்த துண்டு. அவன் தலையில் ஏற்கெனவே ஒருமுறை இறங்கியிருந்தது. மறுபடி இறங்கியது. மூன்றாவதற்கு ஓங்கியபோது அக்கா தாவி அந்தக் கையைப் பிடித்தாள்.

"போதும். செத்துட்டான்னா நீதான் உள்ள போவ."

"போறேன்க்கா. விடுங்க."

"விட மாட்டேன்."

இருவரும் மூச்சிரைக்க அப்படியே நின்றார்கள். கடைசியில் துண்டு கீழே விழுந்து நொறுங்கியது. அப்போதுதான் மனைவி கத்தினாள். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து வைத்துக் கத்தினாள்.

டீச்சரம்மா துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள். "போலீசுக்குச் சொல்லியாச்சு! எழுந்தான்னா இதாலயே சாத்திடுவேன்!" அவன் எழவில்லை. முனகிக்கொண்டு கிடந்தான்.

தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே போய், பீய்ச்சியடித்த குழாய் முனையில் மூடியைத் திருகினாள். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை மரை பிடித்தது. வீடு சட்டென்று அமைதியானதும், குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அவன் பிழைத்தான். விந்தி விந்தித்தான் கோர்ட்டுக்கு வந்தான். மூன்று முறை வாய்தா போட்டும், அக்கா மூன்று நாளும் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றாள். "அடிச்சது நீங்கதானே?" என்று அவன் வக்கீல் கேட்டதற்கு, "ஆமாங்க, நான்தான். காலோட நிறுத்திக்கிட்டேன்" என்றாள்.

மனைவி தன் அண்ணி வீட்டில் இருக்கிறாள். மணிக்கட்டு கூடிவிட்டது, மழை நாளில் மட்டும் வலிக்கிறதாம்.