ஆறாம் நம்பர் கடை

முப்பத்தொரு வருடம் காங்கிரீட் போட்ட உடம்புக்குக் கம்பெனி கொடுத்த ஓய்வுப் பணம் மொத்தமும் வங்கியில் கிடந்தது. அதில் ஒரு கடை வாங்கி, வாடகையில் சாப்பிடுவது என்று மேஸ்திரி முடிவு செய்திருந்தார். கடை சொதப்பினால் மகன் கையை எதிர்பார்க்க வேண்டும். அது மட்டும் ஆகாது.

எட்டுக் கடை வரிசையில் ரோட்டைப் பார்த்த முதல் கடையின் ஷட்டரைத் தரகர் தூக்கினார். மேஸ்திரியும் மனைவியும் மகனும் நுழைந்தார்கள். உள்ளே புது வெள்ளை.

"வாடகைக்கு மருந்துக்கடைக்காரர் இப்பவே ரெடியா நிக்கிறாரு. ஆறாம் நம்பரும் விலைக்கு இருக்கு, ஆனா உள்ள தள்ளிக் கெடக்கு. ஈ காக்கா வராது."

"இதையே முடிங்கப்பா," என்றான் மகன்.

மேஸ்திரி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வெள்ளைக்கு அடியில் மயிரிழையாய் ஒரு கோடு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதை வார்த்தது அவர் ஆட்கள்தான். கலவை மெஷின் பாதியில் நின்றுபோனது. மறுநாள், காய்ந்த விளிம்பைக் கொத்தாமல், சிமெண்டுப் பால் ஊற்றாமல், அப்படியே தொடர்ந்து போட்டார்கள். 'போடுங்கடா, பாத்துக்கலாம்' என்றது அவர் வாய்தான்.

"இது ஒழுகும்."

தரகர் சிரித்தார். "விலையக் குறைக்க இப்படி ஒரு வழியா? எந்த ஜோசியன் சொன்னான்?"

"நான் போட்டது. ஒட்டு சரியில்ல."

மகன் தரையைப் பார்த்தான். மனைவி விடவில்லை. "என் கை பட்டா கல்லும் பேசும்னு ஊரெல்லாம் பீத்துனீங்களே!"

"பீத்துனேன். அதுக்காகக் காசையும் இதுல கொட்டணுமா? வெக்கம் ஒரு நாளோட போயிடும். ஒழுக்கு வருசா வருசம் வரும்."

ஆறாம் கடையைத் திறக்கச் சொன்னார். வாடகைக்கு ஆளும் வைத்திருந்தார்: போன மழையில் பத்துக் கட்டுத் தாளை நனைய விட்ட அச்சகக்காரர். அவருக்கு ரோடு வேண்டாம். நனையாத கூரை போதும். வாடகை மருந்துக்கடையை விடக் குறைவுதான்.

"இந்தக் கூரை யார் போட்டது?" என்றாள் மனைவி.

"அதுவும் நான்தான். இது ஒரே மூச்சுல போட்டது."

"உங்க மூச்ச நம்பி இனி ஒரு பைசா எடுக்க விட மாட்டேன். தண்ணி கட்டிக் காட்டுங்க."

ஆறாம் கடைக் கூரையின் மேல் சுற்றிலும் மண்ணால் வரப்புப் போட்டுக் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டினார்கள். கீழே தரை முழுக்க அச்சகக்காரர் வெள்ளைத்தாள் விரித்தார். மூன்று நாள்.

நான்காம் நாள் மனைவி முட்டி போட்டு, ஒவ்வொரு தாளாய்த் தடவிப் பார்த்தாள். கடைசித் தாளை எடுத்துத் தரகரிடம் நீட்டினாள்.

"காஞ்சுதான் கெடக்கு. அக்ரிமெண்ட இதுலயே எழுதுங்க."