ஒரு சதவீதத்துக்குக் கீழே

மருந்துப் பம்பின் எடை, அட்டைப் பெட்டியோடு சேர்த்து எண்ணூற்று நாற்பது கிராம். மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, நோயாளியின் நரம்புக்குள் மருந்தைச் சிறுகச் சிறுகத் தள்ளுகிற இயந்திரம். அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது, வராமல் போனால் என்ன செய்வது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. தொழிற்சாலை செய்யும் இருபத்திரண்டு சாமான்களுக்கும் அவள்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டாள்.

பம்புக்குப் பச்சை.

விதி அப்படி. மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்குக் குறைவான எதையும் ‘இதர’ என்ற ஒரே வரியில் தள்ளிவிடலாம். அட்டைப் பெட்டி நூற்றுத் தொண்ணூறு கிராம் இருந்தது. அதற்காக மூன்று நாள் செலவழித்து, காகித ஆலைக்கு இரண்டு முறை போன் செய்து, மாற்று ஆலை ஒன்றையும் தேடிப் பிடித்தாள். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் ஆறு கிராம். அது ‘இதர’வுக்குள் போயிற்று.

சூடேறினாலும் சக்தி போகாமலிருக்க அந்தக் காந்தத்தில் டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தைத் துளி சேர்க்கிறார்கள். அது இனி வராது என்று காந்தம் அனுப்புகிறவர் மூன்று வரியில் கடிதம் எழுதினார். கையிருப்பு ஒன்பது நாளைக்கு.

பம்ப் லைனின் மேற்பார்வையாளர் அவளுடைய அக்காவின் கணவர். இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனியின் இன்னொரு ஆலைக்கு ஆள் கேட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் பட்டியலில் அவரும் பெயர் எழுதினார். அன்று மாலை வீட்டில் அவளைக் கேட்டார்.

“ஏம்மா, நம்ம லைன் நிக்குமா ஓடுமா? வீட்டாளுங்கறதால கேக்கறேன்.”

“பச்சை போட்டிருக்கேன் மாமா. நீங்க ரிடையர் ஆகற வரைக்கும் ஓடும்.”

“அப்பாடா, வயித்துல பாலை வார்த்தடி” என்றாள் அக்கா. “இந்த வயசுல மூட்டை முடிச்சைக் கட்டணுமேன்னு கிடந்தேன்.”

மறுநாள் அவர் பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிட்டார். அவர் அடித்ததைப் பார்த்து லைனில் இன்னும் பதினோரு பேர் அடித்தார்கள்.

கடிதம் வந்த அன்றே அவள் கணக்கை மறுபடி எடுத்தாள். இந்த முறை எடையைப் பார்க்கவில்லை. எது இல்லாவிட்டால் பம்ப் ஓடாது என்று மட்டும் பார்த்தாள். ‘இதர’ வரி மேலே வந்து முதல் வரியாயிற்று. சிவப்பு.

மேனேஜர் தாளைப் புரட்டினார். “இப்பதாம்மா சரியா இருக்கு. லைனை மூடறதுக்குக் காரணம் வேணும்னு மேலிடத்துல கேட்டாங்க. இதையே அனுப்பிடறேன்.”

“சார், அந்தப் பட்டியல்ல பன்னெண்டு பேரையும் திரும்பச் சேர்க்க முடியுமா?”

“அங்க ஆள் நிரம்பி ஒரு மாசமாச்சு.”

“தப்பு என்னோடது சார்.”

“உன் தப்பு எங்க இருக்கு? விதிப்படிதானே போட்டே?”

“விதி யார் சார் போட்டது?”

“எனக்கு வந்ததை நான் உனக்கு அனுப்பினேன்.” கையெழுத்துப் போட்டுப் பேனா மூடியைத் திருகினார். “நீ நல்லா வேலை செய்யறே. மனசைப் போட்டு அலட்டிக்காதே.”

அவள் லைனுக்குப் போனாள். மதியத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

“அந்த உலோகத்துக்குப் பேர் என்னம்மா?” என்று கேட்டார் மாமா.

“டிஸ்ப்ரோசியம்.”

“சொல்லி முடிக்கறதுக்குள்ள ஸ்டாக்கே தீர்ந்துடும் போலிருக்கே.”

பேக்கிங் செய்கிற அம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: “பெட்டிக்குத்தான் பஞ்சமில்லையாமே. ஆளுக்கொண்ணு எடுத்துக்குவோம், சாமான் வாரிக்கிட்டுப் போக.”

யாரும் அவளைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

“ஒரு நிமிஷம் வா” என்று மாமா அவளை ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிப் போனார். பழுதாகித் திரும்பி வந்த பம்புகள் அங்கே மூட்டையாகக் கிடந்தன. தரையில் சாக்கை விரித்து ஏற்கெனவே முப்பது நாற்பதை உடைத்திருந்தார். ஒரு தட்டில் காந்தங்கள் ஒன்றையொன்று கவ்விக் குவியலாக இருந்தன. பாதிக்கு மேல் ஓரம் சிதைந்தவை.

“இதுலயும் அது இருக்குமில்ல?”

“இருக்கும் மாமா. ஆனா இது பழைய மாடல். வளைவே வேற. இப்போ இருக்கற மோட்டார் கூட்டுக்குள்ள உக்காராது.”

“உரசி எடுத்தா?”

“நொறுங்கிடும். பொடியாக்கித் திரும்பச் செய்யணும். அதுக்கு நம்மகிட்ட மெஷின் கிடையாது. காந்தம் அனுப்பறவரும் பழசை வாங்க மாட்டாராம், காலையிலேயே கேட்டுட்டேன்.”

அவர் தலையாட்டினார். புரிந்துகொண்ட முகம்தான். பிறகு அடுத்த மோட்டாரை எடுத்து வைத்து ஓங்கி அடித்தார். கூடு பிளந்தது. காந்தம் சுத்தியலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உதறிப் பார்த்தார், விழவில்லை. நகத்தால் நெம்பினார்.

“மாமா, வேண்டாம். பிரயோசனமில்லை.”

“தெரியுது. ஷிப்ட் முடிய ரெண்டு மணி நேரம் இருக்கே, சும்மா எப்படி உக்காந்திருக்கறது?”

நகம் பிய்ந்து விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. அவர் கவனிக்கவில்லை. அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, சுத்தியலைக் கையில் வாங்கி, காந்தத்தைப் பக்கவாட்டில் தள்ளி வழித்தெடுத்தாள்.

“அப்படியா எடுக்கணும்?” என்றார் அவர். அடுத்த மோட்டாரைச் சாக்கில் வைத்தார்.