அதிதூதர் வீட்டுக் கோதுமை

பெல்கிரேடில் பணக்காரர்களின் வீட்டுச் சிக்கல்களைச் சத்தமில்லாமல் தீர்த்துவைப்பது என் பிழைப்பு. களவு, கள்ளக் கையெழுத்து, கள்ளக் காதல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சிமென்ட் முதலாளி வூகோட்டாவின் சிக்கல் மட்டும் என்னை எரிச்சல்படுத்தியது. அந்த மனிதரை எனக்குப் பிடித்துத் தொலைத்தது.

போரின்போது அகதிகள் கூட்டத்தில் தொலைந்த அவருடைய ஏழு வயது மகன் ஓக்னியென், முப்பது வருடம் கழித்து வாசலில் வந்து நின்றானாம்.

"ரத்தம் எடுத்துப் பாத்துரலாமே, முதலாளி."

"வேணாம், தேசாங்கா. காயிதத்துல வந்துட்டா அதோட சண்டை போட முடியாது. நீ விசாரிச்சுச் சொல்லு. உங்கூடன்னா போடலாம்."

வந்தவன் சாதுவாக இருந்தான். நாயின் பெயர், தாயின் பாட்டு எல்லாம் சரியாகச் சொன்னான். அதெல்லாம் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அந்தக் குடும்பப் புனிதரின் திருநாள் நினைவிருக்கிறதா என்றேன்.

"அம்மா அவிச்ச கோதுமைய ஒரு கரண்டி ஊட்டுவாங்க. சர்க்கரை உதட்டுல ஒட்டும்." கண் கலங்கியது. நடிப்பில்லை.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். திருநாளுக்குக் கோதுமை அவிப்பது செத்துப்போன புனிதர்களுக்கு. வூகோட்டா வீட்டுப் புனிதர் அதிதூதர் மிக்கேல், சாவே இல்லாத வானதூதர். சாகாதவருக்கு அந்த வீட்டில் கோதுமை வைத்ததே இல்லை. இவன் சொன்னது வேறொரு வீட்டை, வேறொரு தாயை.

நான்கு நாளில் மீதியும் கிடைத்தது. அவன் பெயர் ராடிஷா. அநாதை இல்லத்தில் ஓக்னியெனோடு ஒரே கட்டிலில் படுத்தவன். ஓக்னியென் முதல் குளிர்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான்.

முதலாளியிடம் சொன்னேன். சண்டை போடுவார் என்று காத்திருந்தேன்.

"கடைசில அவன் பக்கத்துல யாரு இருந்தா?"

"இவன்தான், முதலாளி."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு என் தொழில்மீதே வெறுப்பு வந்தது.

திருநாளன்று போனேன். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை; தானாகப் போவதுதான் வழக்கம். மேசை நடுவில், ரொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கிண்ணம் அவித்த கோதுமை இருந்தது. விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன வூகோட்டா, புத்தி பிசகிப்போச்சா?" என்றார் பாதிரியார். "இந்த வீட்டுல ஏது கோதுமை?"

"புனிதருக்கு இல்ல, சாமி. என் பையனுக்கு."

முதல் கரண்டியை அள்ளி, இன்னும் ஓக்னியெனாகவே மேசையில் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினார்.

"சாப்பிடு, ராடிஷா. சாப்பிட்டுட்டு அவனப் பத்திச் சொல்லு."

தன் சொந்தப் பெயரைக் கேட்டதும் அவன் எழுந்து ஓடப் பார்த்தான். கிழவர் நீட்டிய கையை இறக்கவில்லை.