சாட்சிக் கூண்டில்லாத அறை

2006 ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மக்கில் தெருவிலுள்ள பெடரல் கோர்ட்டின் ஓர் அறையில் இருந்தவர்கள்: நீதிபதி, அவருடைய எழுத்தர், அரசாங்கத்துக்காக வந்த பெண் வழக்கறிஞர், எங்கள் வழக்கறிஞர் ஞானேந்திரன், என் மனைவி அக்னெஸ், எங்கள் பங்குக் கோயிலிலிருந்து துணைக்கு வந்த அரியரத்தினம், தேவதாசனாகிய நான். யாருக்காக வழக்கோ அவள் அங்கில்லை. எங்கள் ஒரே மகள் எலிசா யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடத்தில் இருந்தாள். ஓகஸ்டில் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு அவள் குரலை இரண்டு தடவைதான் கேட்டிருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் எவரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஏறுவதென்றால் ஒழுங்காக ஏற வேண்டுமென்று கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தேன்.

"தேவதாசண்ணை, பொம்பிளை பாக்க வெளிக்கிட்ட மாதிரியெல்லோ நிக்கிறியள்" என்றார் அரியரத்தினம். நான் சிரிக்கவில்லை. அவர் முன்னால்தான் நான் அன்று வாய் திறக்க வேண்டியிருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் எலிசாவின் பெயர் இல்லை. எழுதாமல் விட்ட பிள்ளையைப் பிறகு குடும்பமென்று கூப்பிட முடியாது. அதுதான் இந்த நாட்டுச் சட்டம். மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்குக் கேட்டோம். படிவம் நிரப்பிய ஏஜென்ட் விட்ட பிழை என்று சத்தியக் கடதாசி கொடுத்தேன். விசா அதிகாரி மறுத்தார்; அந்த மறுப்புக்கு எதிராகத்தான் இந்த வழக்கு.

உண்மை வேறு. பதினெட்டு வயதில் எலிசா ஒருவனோடு வீட்டை விட்டுப் போனாள். கலியாணத்தைப் பதிவில் எழுதவில்லை. ஒரு வருடத்தில் அவன் விட்டுவிட்டுப் போனான்; அவள் அடைக்கலம் தேடி மடத்துக்குப் போனாள். அதை ஒருவருக்கும் சொல்லாமல் ஏழு வருடம் காத்தேன். அன்று நீதிபதியிடம் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்திருந்தேன்.

அறை வாசலில் ஞானேந்திரனிடம் கேட்டேன். "தம்பி, என்னை எப்ப கூண்டிலை ஏத்துவினம்?"

"கூண்டோ? ஐயா, இஞ்ச சாட்சி விசாரணை இல்லை. களவு, காணி, விவாகரத்து வழக்கொண்டும் இந்தக் கோர்ட்டுக்கு வராது. அதிகாரி செய்த முடிவு முறைப்படி நியாயமானதோ எண்டு மட்டும்தான் நீதிபதி பாப்பார். அதுவும் அந்த அதிகாரிக்கு முன்னால அண்டைக்கு இருந்த கடதாசியளை வைச்சுத்தான்."

"புதுசா ஒண்டு சொல்லேலாதோ?"

"ஏலாது ஐயா. இந்த அளவுக்கு வாறதுக்கே கோர்ட்டிட்டை அனுமதி எடுத்து வந்திருக்கிறம்."

உள்ளே இரு பக்கத்து வழக்கறிஞர்களும் மாறிமாறிப் பேசினார்கள். அரசாங்கத்துப் பெண், தகப்பன் ஏஜென்டைச் சாட்டுகிறார், ஆனால் அந்த ஏஜென்டின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை என்றாள். அவள் சொன்னது சரி. நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அக்னெஸ் என் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்கோ. இப்ப ஏன்?" என்றாள் மெல்ல. அந்த 'இப்ப' என்ற சொல்லுக்குள் நான் வாய் திறக்காத ஏழு வருடமும் இருந்தது. திரும்பக் கதிரையில் இருந்தேன்.

தீர்ப்பைப் பிறகு எழுத்தில் தருவதாக நீதிபதி சொன்னார். வெளியே ஞானேந்திரன் விளக்கினார்: வென்றாலும் விசா வராது, கோப்பு வேறோர் அதிகாரியிடம் போகும், அவர் முதலிலிருந்து பார்ப்பார்.

"அப்ப புதுசா எழுதிக் குடுக்கலாமோ?"

"ஓம். என்ன எழுதப் போறியள்?"

"நடந்ததை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அரியரத்தினம் மெட்ரோ டிக்கெட்டைத் தேடிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்னெஸ் அலுமாரியிலிருந்து எலிசாவுக்கென்று வைத்திருந்த குளிர் ஜக்கெட்டை எடுத்து யன்னலோரம் தொங்கவிட்டாள். மூன்று வருடத்துக்கு முன் புவாண்ட்-கிளேரில் மலிவு விற்பனையில் வாங்கியது. ஒவ்வொரு ஒக்டோபரும் காற்றாட வைப்பாள். கடைசியாகக் கண்ட பதினெட்டு வயதுத் தோளை நினைத்து வாங்கியது.

"இப்ப அளவாயிருக்குமோ தெரியேல்லை" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எலிசாவுக்கு விசா கிடைத்துவிட்டதாகக் கதைத்தார்கள். அது பிழை. அந்தக் கோர்ட் விசா கொடுப்பதில்லை. தீர்ப்பும் இன்னும் வரவில்லை. ஏஜென்ட் எலிசாவின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டான் என்பதும் பிழை. ஏஜென்ட் என்று ஒருவன் இருக்கவேயில்லை. 'பிள்ளைகள்' என்ற பெட்டிக்குள் 'இல்லை' என்று எழுதியது நான், நீல மையால், என் கையெழுத்தில்.