ஆண்டியாமோ

“‘ஆண்டியாமோ, ஆண்டியாமோ’ன்னு கேட்டுக்கிட்டே கண்ணை மூடிட்டாளே! குடும்பத்தை ஆண்டியாக்கிட்டோமேன்னு கடைசி நேரத்துல அவளுக்கே உறைச்சிருக்கு பாருங்க!” என்று நாத்தனார் வாசலில் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சின்னவள் கூடத்தில் குனிந்து, பெரியவளின் காலில் புதுச் சிவப்பு ஷூவை மாட்டப் போராடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோதே யார் பேச்சுக்கும் மடங்காத கால் அது. இப்போது கேட்கவா வேண்டும்?

“கொஞ்சம் மடக்குக்கா. உனக்குத்தான் மாட்டறேன்” என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெரியவள் மடக்கவில்லை. சின்னவளும் விடவில்லை. குதிகால் ஒருவழியாக உள்ளே போனது.

நாத்தனாருக்கு வீட்டில் சைரன் என்று பெயர். அவர் தும்மினால் மூன்று தெரு தள்ளி நிற்கும் தீயணைப்பு வண்டி தானாகக் கிளம்பிவிடும் என்று கதை கட்டிவிட்டவள் பெரியவள்தான். இன்று அந்தக் குரல் பெரியவளுக்காகவே ஒலித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுச் சிரிக்க அவள் இல்லை. அதுதான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்படி. ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் ஊர் கண் பட்டுவிடும் என்று வாரத்துக்கு ஒரு சண்டையைத் திட்டம் போட்டு நடத்தினார்கள். பாத்திரம் உருளும், கதவு அடைபடும். பிறகு இருவரும் மொட்டைமாடிக்குப் போய் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வருவார்கள்.

பெரியவள் வேலை பார்த்தது ரயில் நிலையத்து விசாரணைக் கவுண்டரில். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் போட்ட ஓட்டை வழியாக, உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் கழிப்பறைக்கு வழி சொன்னவள். தூக்கத்தில்கூட “நேராப் போய் இடது பக்கம்” என்பாள். பக்கத்தில் படுத்திருந்த அவள் கணவர், வீட்டுக்குப் பெரியவர், எழுந்து நேராகப் போய் இடது பக்கம் திரும்பிச் சுவரில் முட்டிக்கொண்டதாக ஒரு செய்தி உண்டு. அவர் இன்றுவரை அதை மறுக்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்தவள் கைப்பையைச் சோபாவில் வீசினாள்.

“இந்த வாயால பதில் சொன்னது போதும்டீ. இனிமே நான் கேக்கப் போறேன். முன்னப்பின்ன தெரியாத ஊர்ல இறங்கி, முன்னப்பின்ன தெரியாத ஆளைப் பிடிச்சு நிறுத்தி, வழி கேக்கணும். அவன் எனக்குச் சொல்லணும்.”

“எந்த ஊருக்கா?”

“இத்தாலி. அங்க ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி வழி சொல்லுவாங்களாம். நான் இத்தனை வருஷம் சொன்னதுக்கு எவனாவது அப்படி ஆட்டிச் சொன்னாத்தான் என் மனசு ஆறும்.”

செல்போனில் பாடம் ஆரம்பமானது. மொழி மொத்தத்தையும் ஒருத்தியே சுமக்க வேண்டாம் என்று இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கேள்விகள் பெரியவளுக்கு, பதில்கள் சின்னவளுக்கு. சின்னவள் மருந்துக் கடையில் வேலை செய்பவள். “டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நீ. இத்தாலிக்காரன் பேச்சு உனக்கு எம்மாத்திரம்?” என்று பெரியவள் தீர்ப்பளித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்தது குடித்தனமே அல்ல. சுற்றுலா. “தோவே இல் பான்யோ?” என்று கழிப்பறை எங்கே என்பதைப் பெரியவள் கூடத்திலிருந்து கேட்பாள். “செம்ப்ரே திரித்தோ! ஆ சினிஸ்த்ரா!” என்று நேராகப் போய் இடது பக்கம் என்பதை அடுப்படியிலிருந்து சின்னவள் கரண்டியை ஆட்டிக் கத்துவாள். குறுக்கே யாராவது நின்றால் “பெர்மெஸ்ஸோ?” வழி விடுகிறீர்களா என்று அர்த்தம். கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பூனைகூட அந்தச் சொல்லுக்கு ஒதுங்கி நிற்கப் பழகியது. கோபம் வந்தால் “பாஸ்தா!” போதும் என்று அர்த்தம். சின்னவளின் கணவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் “எங்க, செஞ்சிருக்கியா?” என்று தட்டோடு வந்து நிற்பார். லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே தவிர வேறு திசை அறியாதவர்.

ஒரே ஒரு சொல்தான் தகராறு செய்தது. கிளம்பலாமா என்று கேட்பதற்கு ‘அந்தியாமோ’. முன்வரிசைப் பல் செட்டை வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவைக்கிற பழக்கம் பெரியவளுக்கு. அதனால் அது எப்போதும் ‘ஆண்டியாமோ’ என்றே வரும்.

“ண்ட இல்லக்கா, ந்த. நாக்கு பல்லுல படணும்.”

“படறதுக்குப் பல்லு வேணுமேடீ!”

இதற்குப் பதில் எப்படிச் சொல்வது என்று ஒருநாள் சின்னவள் கேட்டாள். “அதே சொல்லுதான். இழுத்தாக் கேள்வி, வெட்டினாப் பதில். நீயும் நானும் சேர்ந்து சொல்ல வேண்டிய ஒரே வார்த்தைடீ அது” என்றாள் பெரியவள்.

ஓய்வுப் பணத்தில் பெரியவள் இரண்டு டிக்கெட் எடுத்தாள்; குடும்பக் காசு கரைகிறது என்று சைரன் ஒலித்தது. பயணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது பெரியவளுக்கு நெஞ்சு வலித்தது. இன்று காலை ஆஸ்பத்திரியில், மூக்கையும் வாயையும் மூடிய முகமூடிக்குள்ளிருந்து, சின்னவளைப் பார்த்து அவள் அதைத்தான் கேட்டாள். பல் இல்லை. மூச்சும் அதிகம் இல்லை. “ஆண்டியாமோ?” என்று இழுத்தாள். சின்னவள் வாயைத் திறப்பதற்குள் சைரன் பிளாஸ்க்கோடு உள்ளே பாய்ந்தார். நர்ஸ் எல்லோரையும் வெளியே அனுப்பினாள். மறுபடி கதவு திறந்தபோது பதிலுக்கு அவசரம் இருக்கவில்லை.

சின்னவள் இரண்டாவது ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சைரன் கூடத்துக்குள் வந்தார்.

“என்னடி இது கூத்து? போறவளுக்கு எதுக்குச் சிவப்பு ஷூ?”

“நடக்கறதுக்கு வாங்கினது, அண்ணி.”

“நல்லா நடந்தா! தம்பி, முதல்ல போனை எடு. அந்த ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணு.”

லிஃப்ட் மெக்கானிக் போனை எடுத்தார். அக்கா சொன்னால் எடுப்பார், மனைவி பார்த்தால் வைப்பார். அவர் உடம்புக்குள்ளேயே ஒரு லிஃப்ட் ஓடியது. போன் பாதி வழியில் நின்றது.

“அக்காவோடதை என்ன வேணா பண்ணுங்க. என் டிக்கெட்டு மேல கை வைக்காதீங்க” என்றாள் சின்னவள்.

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். இதைவிடச் சுவையான ஒன்று ஆரம்பித்திருந்தது.

“நீ தனியாப் போவியா?” சைரன் இடுப்பில் கை வைத்தார். “கேள்வியெல்லாம் அவதானேடி படிச்சா? உனக்குப் பதில் மட்டும்தானே தெரியும்? நடுரோட்டுல நின்னுக்கிட்டு, யாரும் கேக்காமலே ‘இடது பக்கம், இடது பக்கம்’னு கத்துவியா?”

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. அவள் மனசுக்குள் அவசரமாகத் தேடினாள். நேராக இருந்தது. இடது, வலது, அடுத்த தெரு, நாளைக்கு வாருங்கள் எல்லாம் இருந்தன. ஒரு கேள்விகூட இல்லை. எல்லாவற்றையும் ஷூ மாட்டிய அந்தக் கால்காரி எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

“தோவே இல் பான்யோ” என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பல் செட்டு டப்பா அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

“படுத்தப்புறமும் சொல்லிக்கிட்டே கெடப்பாம்மா. தூங்க விட மாட்டா. எனக்கு வந்துடுச்சு. இதை நீ வெச்சுக்க.”

“பெரிய தம்பி! பொண்டாட்டி போய்க் கெடக்கா, நீ என்ன உளர்றே?”

“கக்கூஸ் எங்கன்னு கேக்கறேன் அக்கா.”

சின்னவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள். மொட்டைமாடிச் சிரிப்பு அது, அடங்குகிற ஜாதி இல்லை. பெரியவளின் ஷூவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பார்த்தவர்கள், ஐயோ, இப்போதுதான் இவளுக்கு அழுகை வந்திருக்கிறது என்று உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் சொன்னதும் தப்பில்லை.

“சொல்லுங்க அத்தான். இன்னொண்ணு தெரியுமா?”

“அது ஒண்ணுதாம்மா.”

“போதும். அதை வெச்சு ஆரம்பிச்சுக்கறேன்.”

லிஃப்ட் மெக்கானிக் போனைச் சட்டைப் பைக்குள் இறக்கினார்.

வண்டி வந்தது. பெரியவளைத் தூக்கிப் பின்னால் ஏற்றினார்கள். பெரியவரும் தம்பியும் அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். போர்த்திய துணிக்குக் கீழே சிவப்பு ஷூ இரண்டும் வெளியே எட்டிப் பார்த்தன. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருந்தது. சைரன் தன் கணவரை அங்கே அனுப்பி, கதவுக்குக் குறுக்கே காவல் நின்றார்.

“நீ வீட்டுல இரு. வர்றவங்களுக்குக் காபி போட ஆள் வேணாமா?”

சின்னவள் நேராக வந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அது தானாக வந்தது. எத்தனையோ நாள் அடுப்படியில் முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு ஒதுங்கிய சொல்.

“பெர்மெஸ்ஸோ?”

சைரனுக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனால் பூனைக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஒதுங்கினார். ஒரு காலை வண்டிக்குள் வைத்திருந்த அவர் கணவர், அதை யாரும் கேட்காமலே கீழே இறக்கிக்கொண்டார்.

சின்னவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் சின்னதாய் ஒரு ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் பெரியவள்.

டிரைவர் சாவியைத் திருகினார்.

“கிளம்பலாமாம்மா?”

சின்னவள் வாயைத் திறந்தாள். பல்லைத் தொடப் போன நாக்கை இழுத்து, மேலே மடித்தாள்.

“ஆண்டியாமோ.”

டிரைவர் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கியரைப் போட்டார்.