பிற்பகல் இரண்டு ஐம்பத்திரண்டு

புதன்கிழமை காலை கணினி கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டது. ஆனால் உள்ளே விடவில்லை. திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு கடவுச்சொல் கேட்கும் அதே பக்கம் வந்து நின்றது. சூப்பர்வைசரம்மாள் மறுபடி அடித்தார். மறுபடியும் கறுத்தது, மறுபடியும் அதே பக்கம். மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்துப் பார்த்தார். அப்போதும் அதே கதைதான்.

"என்ன மேடம், உங்களையே வாசல்ல நிக்க வெச்சிடுச்சா?" என்று கணவர் முகம் நிறைய சவர நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"பாஸ்வேர்டு தப்புன்னா தப்புன்னு சொல்லும். இது சொல்லல. வாங்கிக்கிட்டுத் திருப்பி அனுப்புது. நீங்க போய் மூஞ்சியைக் கழுவுங்க, நுரை தரையில சொட்டுது."

தொலைபேசி நிலையத்தின் பழுதுப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவர் அவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் தெருவில் அந்தப் பெயர்தான். கப்பல் வேலைக்குப் போவதற்கு முன் மகன் வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தான். வேறு யாராவது என்றால் கட்டளை அடித்துப் பேசவேண்டிய அதன் கறுப்புத் திரையைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்றிருப்பார்கள். அம்மாளுக்கு அது பிடித்துப்போயிற்று. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைப் பற்றி வாய் திறக்காது. மனிதர்களில் அப்படிப்பட்டவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துக் கணினியில் ஒரே கணக்குதான். கடவுச்சொல் அம்மாளிடம். யாருக்கு வேண்டுமானாலும் அவர் வந்து திறந்து விடுவார். வேலை முடிந்ததும் அவரிடம் சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கும். அதன் பெயர் ஃபால்ட் புக். நேரம், அறிகுறி, காரணம், செய்தவர், சரிசெய்த விதம் என்று ஐந்து பத்திகள். தொலைபேசி நிலையத்தில் பழகிய பழக்கம். எந்தப் பத்தியையும் அவர் காலியாக விட்டதில்லை. ஒருநாளும் பொய்யாகவும் எழுதியதில்லை.

திங்கள் மாலை மருமகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அலுவலகப் பயிற்சிக்கென்று ஏதோ ஒரு மென்பொருளை இறக்கினாள். செவ்வாய் காலை அம்மாள்தான் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் தொடவில்லை. யார் செய்தது என்ற கணக்கு நேராக இருந்தது. 'செய்தவர்' என்ற பத்தியில் பேனா மையால் 'மருமகள்' என்று எழுதிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போனார்.

மேசையில் மூன்று பேர். கணவர், பேருந்துக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள், அவளுடைய அப்பா. அவர் கட்டட மேஸ்திரி. ஒரு கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது, அடுத்த கண்ணுக்கு அடுத்த வாரம். மருத்துவமனை பக்கத்தில் இருந்ததால் மகள் வீட்டில் தங்கியிருந்தார். பெண் கொடுத்த வீட்டில் தங்குகிறோம் என்ற கூச்சத்தில் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

"திங்கக்கிழமை என்னத்தை இறக்கின?" என்றார் அம்மாள்.

"ட்ரெய்னிங்குக்கு அத்தை. சொல்லிட்டுத்தானே உக்காந்தேன்."

"இன்னிக்கு மெஷின் திறக்கல. ஒரு பொருளைத் தொட்டா தொட்ட மாதிரி வெச்சுட்டு எழுந்திரிக்கணும்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. எல்லா வீட்லயும் அப்படி வளர்க்கிறதில்ல போல."

கணவர் இருமினார். உண்மையான இருமல் இல்லை. மேஸ்திரியின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. மருமகள் அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானாத்தான் இருக்கும் அத்தை," என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்து, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மேஸ்திரி பாதித் தட்டை மிச்சம் வைத்தார்.

கணவர் நூலக வாசகசாலைக்கு எடுத்துப்போக வேண்டிய புத்தகத்தைத் தேடினார். போகிற போக்கில், "பொண்ணு ரொம்ப சீக்கிரம் ஒத்துக்கிட்டா இல்ல?" என்றார்.

அது அம்மாளுக்கும் உறுத்தியது. பழுதுப் பிரிவில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டிருக்கிறார். தப்பு செய்தவன்கூட முதலில் 'நான் இல்லை' என்பான். ஒரு வார்த்தை மறுக்காமலே 'நானாத்தான் இருக்கும்' என்று சொன்ன ஆளை அவர் பார்த்ததில்லை.

பத்து மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தார். படமும் பொத்தானும் இல்லாத எழுத்துத் திரைக்கு வேறு வழி உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று என மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரை வந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தார். இங்கே உள்ளே விட்டது. அப்படியானால் பூட்டு கெடவில்லை; உள்ளே போன பிறகுதான் ஏதோ தடுக்கிறது.

கோப்புகளைச் சேர்த்துவைக்கும் வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டார். நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றது. விஷயம் அவ்வளவுதான். திரையைத் திறக்கும்போது கணினி சின்னச் சின்னக் குறிப்புகள் சிலவற்றைத் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும். எழுத இடமில்லை என்றால் திறக்க முடியாமல் வாசலுக்கே திரும்பிவிடும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் அறுபத்தொரு சதவீதம் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். மருமகள் இறக்கிய மென்பொருளைத் தேடிப் பார்த்தார். பயிற்சி என்ற பெயரில் ஒழுங்காக ஒரு தனி அடைவில், ஃபோல்டர் என்பார்களே அதில், இருந்தது. இரண்டு ஜிபி. அது இந்த வட்டின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அம்மாள் நோட்டைத் திறந்து, மை காய்ந்திருந்த 'மருமகள்' என்ற பெயரை ஒரு முறை பார்த்தார்.

எந்த அடைவு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனார். கடைசியில் குப்பைக்கூடையில் வந்து நின்றது. முப்பத்தெட்டு ஜிபி. அழித்த கோப்பு உடனே போய்விடாது. கூடையில் கிடக்கும், கூடையும் இதே வட்டில்தான் இருக்கிறது. இது தெரியாதவர் ஒன்றை அழித்துவிட்டு இடம் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். இருநூற்றுப் பதினான்கு வீடியோ. எல்லாம் செல்பேசியில் எடுத்தவை.

கூடையில் விழும் ஒவ்வொரு கோப்புக்கும் கணினி ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கும். எங்கே இருந்தது, எப்போது எறியப்பட்டது என்று அதில் இருக்கும். ஒரு சீட்டைத் திறந்தார். இருந்த இடம்: முகப்புத் திரை. எறியப்பட்ட நேரம்: செவ்வாய், பதினான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம், பத்து நொடி.

செவ்வாய் பிற்பகல் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு மருமகள் அலுவலகத்தில் இருந்தாள். கணவர் வாசகசாலையில்; அவர் நாலு மணிக்கு முன் வருவதில்லை. அம்மாள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். போகும்போது திரையைப் பூட்டவில்லை. தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியையும், அடிக்கடி கடவுச்சொல் கேட்டுத் தொல்லை பண்ணுகிறது என்று, போன மாதம் அவரே அணைத்து வைத்திருந்தார்.

அப்புறம் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

வீடியோ எதையும் அவர் திறந்து பார்க்கவில்லை. அடுத்தவர் பொருள் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கூடையைக் காலி செய்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் செல்பேசியில் வேறு பிரதி இருக்கிறதா இல்லையா? அதை உரியவரைத்தான் கேட்க வேண்டும். வைத்தியத்துக்கு வந்து தங்கியிருக்கும் சம்பந்தியிடம் போய், 'நேற்று என் மெஷினில் கை வைத்தீர்களா' என்று கேட்பதா? அதைவிட அவருடைய பையை வாங்கியே சோதனை போட்டுவிடலாம். கேட்காமல் விட்டாலோ, மருமகள் பெயர் மையில் நிற்கும். பெயர் இருப்பது போதாதென்று, வளர்ப்பு என்றொரு வார்த்தை வேறு வாயிலிருந்து போயிருந்தது.

அலமாரியிலிருந்து தனிச் சேமிப்பு வட்டு ஒன்றை எடுத்துவந்து செருகி, இருநூற்றுப் பதினான்கையும் அதற்கு நகர்த்தும்படி கட்டளை கொடுத்தார். ஐம்பது நிமிடம் பிடிக்கும் போலிருந்தது. டீ போட்டு முன்னறைக்கு எடுத்துப் போனார்.

மேஸ்திரி வானொலியின் ஒலியைக் குறைத்தார். "மெஷின் சரியாயிடுச்சா சம்பந்தியம்மா?"

"ஆயிட்டே இருக்கு சம்பந்தி."

"பாப்பா போட்டதாலதான் கெட்டுதா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் டம்ளரை வாங்கி வாயருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று அம்மாள் நின்றார். சொல்லவில்லை. அம்மாளும் கேட்கவில்லை. நின்ற இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டார்.

நகர்த்தி முடிந்ததும் கணினியை அணைத்துப் போட்டார். கடவுச்சொல்லை வாங்கியது, உள்ளே விட்டது. வட்டில் நிரம்பியது அறுபத்துமூன்று சதவீதம். நோட்டை எடுத்தார். கோடு போட்டு அடித்த பெயரும் படிக்கத் தெரியவேண்டும் என்பது பழைய அலுவலக விதி. 'மருமகள்' மேல் ஒற்றைக் கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'நான். திரையைப் பூட்டாமல் போய்ப் படுத்தது.' எழுதியதை இரண்டு முறை படித்தார். பொய் ஒன்றும் இல்லை. வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினால் பொறுப்பு தூங்கியவருக்குத்தான். இதில் சம்பந்தி பெயர் வரவேண்டிய அவசியமே இல்லை.

காலையில் சொன்னது நாலு பேர் நடுவில். ஆகவே திரும்பச் சொல்வதும் அதே நாலு பேர் நடுவில்தான் என்று வைத்துக்கொண்டார். சாயங்காலம் மருமகள் வந்து முகம் கழுவி உட்காரும் வரை காத்திருந்தார். எல்லாரும் மேசைக்கு வந்ததும் நின்றபடியே சொன்னார்.

"மெஷின் திறந்துடுச்சு. வட்டு நிறைஞ்சு போயிருந்தது. அது உன்னால இல்ல. திரையைப் பூட்டாம போய்ப் படுத்தது நான். தப்பு என்னோடது. புத்தகத்துல மாத்தி எழுதிட்டேன்."

கணவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷத்துல முதல் தடவை கேக்கறேன். இன்னொரு முறை சொல்லேன், காது குளிர."

"சும்மா இருங்க."

மருமகள் அத்தையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்பதுபோல். மேஸ்திரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பூட்டாம போனது நீங்களா இருக்கலாம் சம்பந்தியம்மா. உள்ள பூந்தது நான்."

"அப்பா..."

"இரு பாப்பா. நான் கட்டின சுவர் சாஞ்சா நானே இடிச்சிருக்கேன், கையாள் மேல பழி போட்டதில்ல. காலைல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேனே, அதுதான் நாள் பூரா தொண்டையில நிக்குது." அம்மாள் பக்கம் திரும்பினார். "போன் திரை சின்னது, கண்ணு சரியா தெரியல. பெரிய திரையில பாக்கலாமேன்னு ஒயரைச் செருகினேன். எல்லாத்தையும் போட்டுட்டேன் போல. சிவப்பா ஒரு கட்டம் வந்துது. பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"அழியல சம்பந்தி. கூடையில இருந்தது. வேற வட்டுல எடுத்து வெச்சிருக்கேன். நான் எதையும் திறக்கல."

"திறந்தா மட்டும் என்ன, எல்லாம் சுவர்."

"என்னது?" என்றார் கணவர்.

"சுவருங்க. நான் கட்டினது. வேலை முடிஞ்ச வீட்டுல ஒவ்வொரு சுவரா எடுத்து வெச்சிருக்கேன். பேச்சும் இல்ல, பாட்டும் இல்ல. சுவர்தான்."

"இருநூத்திப் பதினாலும் சுவரா!" கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஸ்திரியும் சிரித்துவிட்டார்.

மருமகள் சிரிக்கவில்லை. "அப்பா நேத்தே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு அத்தை. நான்தான் வாயைத் திறக்காதீங்கன்னேன். சொன்னா அவரை ஒரு பார்வை பாப்பீங்க. அதை நானே வாங்கிக்கிறேன், எனக்குப் பழகிப்போச்சு."

கணவர் சிரிப்பை நிறுத்திக் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"மெஷின் விஷயம் தீந்துது," என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. "புத்தகத்துலயும் மாத்திட்டீங்க. ஆனா காலைல வளர்ப்புன்னு ஒண்ணு சொன்னீங்களே அத்தை. அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அதை எங்க அடிச்சு எழுதுவீங்க?"

சின்னவள் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு கணம் அம்மாளுக்குச் சுருக்கென்றது. மறுகணம், கேட்க உரிமை உள்ளவள்தான் கேட்கிறாள் என்பதும் தெரிந்தது. தன் அப்பாவை யாராவது அவர் முன்னாலேயே அப்படிச் சொல்லியிருந்தால், அம்மாள் அந்த வீட்டில் அடுத்த வேளை தண்ணீர் குடித்திருக்க மாட்டார். இவள் சாயங்காலம் வந்து, முகம் கழுவி, மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

முதுகை நிமிர்த்திக்கொண்டு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, காலைல உங்க பொண்ணோட வளர்ப்பைப் பத்தி உங்களை வெச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னேன். விசாரிக்காம சொன்னது. விசாரிச்சிருந்தாலும் சொல்லக்கூடாதது. அதைத் திரும்ப எடுத்துக்கிறேன். இந்த வீட்ல இனி அந்த வார்த்தை வராது."

"அட, விடுங்க சம்பந்தியம்மா..."

"விட மாட்டேன். நீங்க சரின்னு சொல்லணும்."

மேஸ்திரி மகளைப் பார்த்தார். அவள் அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"சரிங்க," என்றார் மேஸ்திரி.

அம்மாள் உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டார். நாலைந்து வாய் சாப்பிட்ட பிறகு, அலுவலக உத்தரவு போடுகிற குரலில், "நாளையிலிருந்து ஆளுக்கு ஒரு கணக்கு. அவங்கவங்க பேர்ல, அவங்கவங்க பாஸ்வேர்டு. யாரும் என்கிட்ட வந்து நிக்க வேண்டாம்," என்றார்.

"எனக்குமா?" என்றார் கணவர். "எனக்கு அதை எங்க தட்டி எழுப்பணும்னே தெரியாதே."

"உங்களுக்கும்தான். சம்பந்திக்கும்."

"எனக்கு எதுக்குங்க?" மேஸ்திரி பதறினார்.

"அத்தனை சுவரை எங்க கொண்டு போய் வைப்பீங்க?"

மறுநாள் காலை அம்மாள் நான்கு கணக்குகளைத் திறந்தார். மேஸ்திரியைப் பெரிய திரையின் முன் உட்கார வைத்து, கடவுச்சொல்லை அவரையே அடிக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஸ்திரி ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தெருமுனை வரை கேட்கும்படி உரக்கச் சொல்லிச் சொல்லி அடித்தார்.

"அப்பா, அதை மனசுக்குள்ள சொல்லணும்," என்று பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் வாசலிலிருந்து கத்தினாள். தெருவே கேட்ட கடவுச்சொல்லை அழித்துவிட்டு, அம்மாள் முதலிலிருந்து ஆரம்பித்தார்.